வீட்டுக் கோப்புகளை எதில் வைப்பது? எக்ஸ்டர்னல் டிஸ்க், கிளவுட், பழைய கம்ப்யூட்டர், நாஸ்: ஓர் ஒப்பீடு

வீட்டுக்கு ஒரு நாஸ், அதாவது வீட்டில் எல்லாரும் சேர்ந்து கோப்பு வைக்கும் டிஸ்க் பெட்டி, வாங்கலாமா என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இடம் போதவில்லையா, இல்லை இருப்பது தொலைந்துபோகும் என்று பயமா? இரண்டும் வேறு வேறு பிரச்சினை. கடையில் இரண்டுக்கும் ஒரே பெட்டியைக் காட்டுவார்கள். அந்தப் பெட்டி முதல் பிரச்சினையை நன்றாகவே தீர்க்கும். இரண்டாவதற்கு அது மட்டும் போதாது. கையில் இருக்கும் பணம் ஏதோ ஒன்றுக்குத்தான் வரும் என்றால், தொலையாமல் பார்த்துக்கொள்வதற்கே முதலில் செலவழியுங்கள்.

அதற்கு முன் வீட்டில் இருக்கும் கோப்புகளை ஒரு முறை வகை பிரித்துப் பாருங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஆதார் போன்றவை டிஜிலாக்கரில் மறுபடி கிடைக்கும். பத்திரம் தொலைந்தால் பதிவுத்துறையில் சான்றிட்ட நகல் வாங்கலாம். அலைச்சல்தான், ஆனாலும் கிடைத்துவிடும். பதிவிறக்கிய படங்களும் பாட்டுகளும் போனால் போகட்டும். பாட்டி கதை சொல்லும் வீடியோ, குழந்தை முதல் அடி எடுத்து வைத்தது, ஸ்டுடியோக்காரர் ஒரே ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்த முகூர்த்த வீடியோ, இதெல்லாம் வேறெங்கும் கிடையாது. இந்தக் கடைசிக் குவியல் எத்தனை ஜிபி என்று பாருங்கள். பல வீடுகளில் அது சில நூறு ஜிபிக்குள் அடங்கிவிடும். எதை வாங்குவது என்பதை இந்த அளவை வைத்து முடிவு செய்யுங்கள். தள்ளுபடியில் வந்திருக்கும் 8 டிபி டிஸ்கைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

நாஸ் என்பது ரவுட்டரோடு கேபிளில் இணைந்திருக்கும் ஒரு சின்ன கம்ப்யூட்டர். உள்ளே ஹார்ட் டிஸ்க் இருக்கும். வீட்டில் உள்ள போன், லேப்டாப் எல்லாம் ஒரே நேரத்தில் அதில் எழுதலாம், படிக்கலாம். இரண்டு டிஸ்க் போட்டு ரெய்டு 1 என்று அமைத்தால், ஒன்றில் எழுதுவதை அது மற்றதிலும் எழுதிவிடும். ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காது. டிஸ்க் சாவது அப்படியொன்றும் அபூர்வம் இல்லை. லட்சக்கணக்கான டிஸ்குகளை ஓட்டும் பேக்பிளேஸ் நிறுவனம் 2013 முதல் தன் பழுதுக் கணக்கை வெளியிட்டு வருகிறது; அண்மை ஆண்டுகளில் அது ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றரையை ஒட்டி நிற்கிறது. அது குளிரூட்டிய டேட்டா சென்டரில், வீட்டு அலமாரியில் அல்ல.

புதிதாக வருபவர்கள் சறுக்கும் இடம் இதுதான். ரெய்டு இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்று நினைத்துவிடுகிறார்கள். நீங்கள் ஒரு ஃபோல்டரைத் தவறுதலாக அழித்தால் அந்த நொடியே இரண்டு டிஸ்கிலும் அழியும். வைரஸ் வந்து கோப்புகளைப் பூட்டினால் இரண்டிலும் பூட்டும். இடி இறங்கி மின்சாரம் எகிறினால் இரண்டும் ஒரே பெட்டியில்தானே இருக்கின்றன? டிஸ்க் பழுது என்ற ஒரே ஒரு விபத்தைத்தான் ரெய்டு தாங்கும். அதனால்தான் இந்தத் துறையில் 3-2-1 என்ற கணக்கைச் சொல்வார்கள்: மூன்று பிரதி, இரண்டு வேறு சாதனம், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. வெளியே என்பதை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. லேப்டாப்பும் அதன் பேக்கப் டிஸ்கும் ஒரே மேசை டிராயரில் இருந்தால் இரண்டும் சேர்ந்தேதான் போகும்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

எல்லாவற்றிலும் மலிவானது, பலர் மதிக்காமல் தாண்டிப் போவது, இரண்டு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். ஒன்று போதாது, இரண்டு வேண்டும். ஒவ்வொன்றின் மேலும் பேப்பர் டேப் ஒட்டி, பேனாவால் ‘அ’, ‘ஆ’ என்றும் கடைசியாக நகல் எடுத்த தேதியையும் எழுதுங்கள். ‘அ’ வீட்டில் இருக்கும், ‘ஆ’ அக்கா வீட்டிலோ மாமா வீட்டிலோ இருக்கும். மாதம் ஒரு முறை அங்கே போகும்போது மாற்றிக்கொள்ளுங்கள். விண்டோஸில் ஃபைல் ஹிஸ்டரியும் மேக்கில் டைம் மெஷினும் கூடவே வருகின்றன. ஃபோல்டரை அப்படியே ஒப்பிட்டு நகல் எடுக்க ஃப்ரீஃபைல்சிங்க் என்ற இலவச மென்பொருள் நன்றாக வேலை செய்யும். வேலை முடிந்ததும் டிஸ்கைக் கழற்றி வையுங்கள். கழற்றி வைத்த டிஸ்கை எந்த வைரஸும் தொட முடியாது. பல ஆயிரம் ரூபாய் சாதனங்களுக்குக்கூட இந்த நல்ல குணம் தானாக வந்துவிடாது. அடுத்த வீட்டில் வைக்கும் டிஸ்கை மட்டும் கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிடுங்கள். விண்டோஸ் ப்ரோவில் பிட்லாக்கர் இருக்கிறது, மற்றவர்களுக்கு வெராகிரிப்ட் இருக்கிறது.

இதன் பலவீனம் மனிதர்தான். முதல் மூன்று மாதம் ஒழுங்காகச் செய்வோம். அப்புறம் பரீட்சை வரும், ஊர்த் திருவிழா வரும், டிஸ்கில் எழுதிய தேதி பழசாகிக்கொண்டே போகும். போன்களில் இருக்கும் படங்களும் தானாக இதற்குள் வராது. ஒவ்வொரு போனையும் கேபிளில் மாட்டி எடுக்க வேண்டும். ஐபோனில் இடம் மிச்சப்படுத்தும் அமைப்பை இயக்கியிருந்தால் போனில் இருப்பது சிறிய அளவுப் படமாக இருக்கலாம், முழுப் படம் ஐகிளவுடில் இருக்கும் என்பதையும் கவனியுங்கள்.

ரவுட்டரின் பின்னால் இருக்கும் யுஎஸ்பி துளையில் டிஸ்கை மாட்டிப் பகிர்வதைப் பலர் முதல் படியாகச் செய்கிறார்கள். பாட்டுக் கேட்க, படம் பார்க்கச் சரி. வேகம் குறைவு, டிஸ்க் பழுதாகப் போகிறது என்று எச்சரிக்கையும் வராது. ஒரே பிரதியை அதில் வைக்காதீர்கள். ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். 2019இல் வந்த நான்காம் மாடலிலிருந்து அதில் உண்மையான கிகாபிட் கேபிள் இணைப்பும் யுஎஸ்பி 3யும் உண்டு, மின்சாரம் மிகக் குறைவு. ஆனால் ஐந்தாம் மாடலுக்கு 5 ஆம்ப் சார்ஜர் கொடுக்காமல் சாதாரண 3 ஆம்ப் சார்ஜர் கொடுத்தால், யுஎஸ்பி சாதனங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்ப்தான் தரும். சிறிய டிஸ்க் சுழலத் தொடங்கும்போது அது போதாமல் இணைப்பு அறுந்து அறுந்து வரும். தனி மின் இணைப்பு உள்ள பெரிய டிஸ்க் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. கற்றுக்கொள்ள அருமையான சாதனம். குடும்பத்தின் ஒரே சேமிப்பாக நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கிளவுடில் இரண்டு ரகம் உண்டு, அதைக் கலக்கக் கூடாது. கூகுள் ஃபோட்டோஸ், ஐகிளவுட் போன்றவை ஒத்திசைவுச் சேவைகள். போனில் எடுத்த படம் தானாக மேலே போய்விடும், அது பெரிய வசதி. ஆனால் போனில் அழித்தால் மேலேயும் அழியும். கூகுள் ஃபோட்டோஸில் அது 60 நாள் குப்பைத் தொட்டியில் இருக்கும், அதற்குள் கவனித்தால் மீட்கலாம். 2021 ஜூன் 1 வரை அளவில்லாமல் இலவசமாக இருந்த சேவை, இப்போது மெயிலோடு சேர்த்து 15 ஜிபி இலவசம், அதற்கு மேல் சந்தா. இன்னொன்று, இது மனதை உறுத்துகிற விஷயம்: இரண்டு ஆண்டுகள் யாரும் திறக்காத கூகுள் கணக்கை அழிக்கலாம் என்ற விதி 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இறந்துபோன அப்பாவின் கணக்கில் அவர் எடுத்த படங்கள் இருந்தால் இப்போதே இறக்கி வைத்துவிடுங்கள்.

இரண்டாவது ரகம் பேக்கப்புக்கென்றே இருப்பவை. பேக்பிளேஸ் பி2 போன்றவற்றில் நாஸோ கம்ப்யூட்டரோ பூட்டிய பிரதியை இரவில் அனுப்பி வைக்கும். பழைய பதிப்புகளையும் விட்டுவைக்கும். முதல் முறை ஏற்றும்போதுதான் பொறுமை வேண்டும். ஏற்றும் வேகம் 50 எம்பிபிஎஸ் என்றால் 1 டிபி ஏற்றக் கிட்டத்தட்ட இரண்டு நாள், இடைவிடாமல். அதனால் மொத்தத்தையும் ஏற்றாதீர்கள். வேறெங்கும் கிடைக்காத அந்தக் குவியலை மட்டும் ஏற்றினால் சந்தாவும் தாங்கும், நேரமும் தாங்கும்.

இனி உண்மையான போட்டி: வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கம்ப்யூட்டரை நாஸாக மாற்றுவதா, சினாலஜி, க்யூநாப் போன்றவர்களின் பெட்டியை வாங்குவதா?

பழைய கம்ப்யூட்டருக்காக வாதாடுபவர்கள் சொல்வதில் நிறைய நியாயம் இருக்கிறது. ஓப்பன்மீடியாவால்ட் என்ற நாஸ் மென்பொருள் இலவசம், டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் மேல் ஓடுகிறது, குறைந்த ராமிலும் சமாளிக்கும். ட்ரூநாஸும் இலவசம்தான், ஆனால் குறைந்தது 8 ஜிபி ராம் கேட்கும். பதிலுக்கு அது தருவது இசட்எஃப்எஸ் என்ற கோப்பு அமைப்பு. அது எழுதும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் வைத்துக்கொள்ளும். ஐந்து வருடம் கழித்துப் படத்தைத் திறக்கும்போது டிஸ்கில் ஒரு துண்டு சத்தமில்லாமல் கெட்டிருந்தால், எண் பொருந்தவில்லை என்று கண்டுபிடித்து, ஜோடி டிஸ்கில் இருக்கும் நல்ல துண்டை எடுத்துச் சரிசெய்துவிடும். சாதாரண விண்டோஸ் டிஸ்கில் பாதி சாம்பல் நிறமான படத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஸ்னாப்ஷாட் என்ற வசதியும் உண்டு: நேற்று இரவு ஃபோல்டர் எப்படி இருந்ததோ அப்படியே ஒரு பதிவு, அதிக இடம் பிடிக்காமல். தவறுதலாக அழித்ததை நிமிடத்தில் திரும்ப எடுத்துவிடலாம். வெவ்வேறு அளவு டிஸ்குகள் கையில் இருப்பவர்களுக்கு அன்ரெய்டு என்ற மென்பொருள் பொருந்தும், ஆனால் அது காசு கொடுத்து வாங்குவது.

செலவு மின்சாரத்தில் வரும். இரண்டு டிஸ்க் நாஸ் பெட்டி வேலை செய்யும்போது ஏறக்குறைய 20 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால் மாதம் 14, 15 யூனிட். பழைய டெஸ்க்டாப் சும்மா இருக்கும்போதே 50 வாட் இழுத்தால் மாதம் 36 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கில் அது 72 யூனிட். இலவச யூனிட் சலுகையில் கணிசமான பங்கை இது ஒன்றே தின்றுவிடும். அதைவிடப் பெரிய செலவு உங்கள் ஞாயிற்றுக்கிழமை. அப்டேட் போட வேண்டும், ஃபேன் தூசி தட்ட வேண்டும், எங்கோ ஓர் அனுமதி மாறி அம்மாவின் போன் படம் ஏற்ற மறுத்தால் நீங்கள்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இதெல்லாம் உங்களுக்குப் பிடித்த வேலை என்றால் தயங்காமல் இறங்குங்கள், இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. பிடிக்காது என்றால் இலவச மென்பொருள் என்ற காரணத்துக்காக மட்டும் இறங்க வேண்டாம்.

கடையில் வாங்கும் பெட்டியில் இந்த வேலைகளில் பாதியை நிறுவனமே செய்து கொடுத்துவிடுகிறது. ஒவ்வொரு போனிலும் ஒரு செயலியைப் போட்டு, குடும்பத்தில் எல்லாருக்கும் ஒரு கணக்குத் திறந்துவிட்டால், வைஃபைக்குள் வந்ததும் படங்கள் தானாக இறங்கிக்கொள்ளும். டிஸ்க் பழுதாகத் தொடங்கினால் மெயில் அனுப்பும். அதன் விலை, டிஸ்க் இல்லாத வெறும் பெட்டிக்கே, ஓர் எக்ஸ்டர்னல் டிஸ்கைப்போலப் பல மடங்கு. அந்த நிறுவனத்தின் முடிவுகளுக்கும் நீங்கள் கட்டுப்பட வேண்டியிருக்கும். 2025இல் சினாலஜி தன் புதிய பிளஸ் வரிசைப் பெட்டிகளில் தான் அங்கீகரித்த டிஸ்குகளை மட்டும்தான் போடலாம் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. வாடிக்கையாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வந்த மென்பொருளில் மற்ற நிறுவன ஹார்ட் டிஸ்குகளுக்கு மறுபடி வழி விட்டது. வாங்குவதற்கு முன், அந்த மாடலுக்கு எந்த டிஸ்க் ஒத்துவரும் என்று நிறுவனத்தின் பட்டியலில் பார்த்துவிடுங்கள். ஸ்னாப்ஷாட் வசதி எல்லா மாடலிலும் இருக்காது, அதையும் கேட்டு வாங்குங்கள்.

டிஸ்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. எஸ்எம்ஆர் என்ற வகையில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறி இருக்கும். ஓரிடத்தில் மாற்றி எழுதப் பக்கத்துத் தடங்களையும் மறுபடி எழுத வேண்டும். ரெய்டில் புது டிஸ்கை மாற்றி நிரப்பும்போது இது தவழும். 2020இல், நாஸுக்கென்று விற்ற வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையிலேயே சில மாடல்கள் சொல்லாமல் எஸ்எம்ஆராக இருந்தது வெளியே வந்து பெரிய சர்ச்சையானது. இப்போது ரெட் பிளஸ், சீகேட்டின் ஐயன்வுல்ஃப் ஆகியவை சிஎம்ஆர் வகை, அதாவது தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை. நாஸுக்கு சிஎம்ஆர்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். கழற்றி வைக்கும் பேக்கப் டிஸ்க் எஸ்எம்ஆராக இருந்தால் பரவாயில்லை.

பெட்டியை வெளி இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் சாதனங்களை வெளியாட்கள் இணையம் வழியாகவே காலி செய்தார்கள்; உலகெங்கும் பலர் காலையில் எழுந்து வெறும் டிஸ்கைப் பார்த்தார்கள். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற கும்பல் இணையத்தில் திறந்து கிடந்த க்யூநாப் பெட்டிகளைப் பூட்டி, திறக்க 0.03 பிட்காயின் கேட்டது. ரவுட்டரில் போர்ட், அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வழி, திறக்காதீர்கள்; சாதனங்கள் தாமாகவே அதைத் திறந்துகொள்ளும் யுபிஎன்பி வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். ஊரிலிருந்து வீட்டுக் கோப்பைத் திறக்க வேண்டும் என்றால் டெயில்ஸ்கேல் போன்ற, உங்கள் சாதனங்களை மட்டும் பூட்டிய பாதையில் இணைக்கும் தனி வழி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். இங்கே பல இணைய நிறுவனங்கள் வீட்டுக்குத் தனிப் பொது முகவரி கொடுப்பதில்லை; அந்த இணைப்பிலும் அது வேலை செய்யும்.

இரண்டு சின்னச் செலவுகளை மறக்க வேண்டாம். இணையக்காரர் கொடுத்த ரவுட்டரின் கேபிள் துளைகள் 100 எம்பிபிஎஸ்தானா என்று பாருங்கள். அப்படியானால் 1 டிபி நகல் எடுக்க 25 மணி நேரம் ஆகும், கிகாபிட் என்றால் இரண்டரை மணி நேரம். மற்றது யுபிஎஸ். வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டினால் போதாதா என்பார்கள். இன்வெர்ட்டரில் யுபிஎஸ் என்ற நிலை இருந்தால் அதில் வையுங்கள். சாதாரண நிலையில் கரண்ட் போகும்போது மாறும் இடைவெளியில் நாஸ் அணைந்து எழும். எழுதிக்கொண்டிருக்கும்போது அணைவது கோப்புக்கு நல்லதல்ல. யுஎஸ்பி கேபிளோடு வரும் சின்ன யுபிஎஸ் என்றால், பேட்டரி தீரும் முன் நாஸே தன்னை முறையாக மூடிக்கொள்ளும்.

என் தீர்ப்பு இது. ஒரே லேப்டாப், ஒன்றிரண்டு போன் உள்ள வீட்டுக்கு நாஸ் தேவையில்லை. இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்கும், முக்கியமானதற்கு மட்டும் ஒரு கிளவுட் சந்தாவும் போதும். நான்கைந்து பேர், ஆளுக்கொரு போன், ஒருவருக்கும் மாதாமாதம் கேபிள் மாட்ட நேரமில்லை என்றால் இரண்டு டிஸ்க் போடும் பெட்டி வாங்குங்கள், ஆனால் அதே பில்லில் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்கும் இருக்கட்டும். அதை வாங்க வழியில்லை என்றால் பெட்டியைத் தள்ளிப்போடுங்கள், டிஸ்கை அல்ல. பழைய கம்ப்யூட்டர் இருந்தால் அதை இரண்டாவது பிரதிக்கு வைத்துக்கொள்வது எனக்குப் பிடித்த வழி: வாரம் ஒரு முறை மட்டும் எழுப்பி, நாஸில் இருப்பதை இழுத்துக்கொண்டு, மறுபடி தூங்கட்டும். மின்சாரமும் மிச்சம், எப்போதும் இணைந்திருக்கும் ஆபத்தும் இல்லை.

எதை அமைத்தாலும் முதல் மாதத்திலேயே மீட்டுப் பாருங்கள். 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் எழுதுபவர்களின் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். அவர்களிடம் ஐந்து வகைப் பாதுகாப்பு ஏற்பாடுகள் இருந்தன, ஒன்றும் உருப்படியாகக் கைகொடுக்கவில்லை. பேக்கப் தோற்றது என்று சொல்லும் மெயில்கள்கூட வழியில் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காக எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் இருந்ததால் மீண்டார்கள். இதையெல்லாம் மறைக்காமல் அவர்களே வெளியிட்டார்கள், அதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும்.

வீட்டில் இதைச் செய்து பார்ப்பது எளிது. மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு ஃபோல்டரைத் தேர்ந்தெடுங்கள். நாஸை அணைத்துவிட்டு, எக்ஸ்டர்னல் டிஸ்கை வேறொரு லேப்டாப்பில் மாட்டி அந்த ஃபோல்டரைத் திறங்கள். வீடியோவின் முகப்புப் படம் தெரிவதோடு நிறுத்தாமல் நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பாருங்கள். நாஸிலிருந்து கழற்றிய டிஸ்கை நேராக விண்டோஸில் மாட்டினால் பெரும்பாலும் திறக்காது, உள்ளே லினக்ஸ் கோப்பு அமைப்பு இருக்கும். அதனால் ஒரு பிரதியாவது எந்தக் கம்ப்யூட்டரிலும் சாதாரண ஃபோல்டராகத் திறக்கும்படி இருக்கட்டும். அப்புறம் இதே வேலையை உங்கள் மனைவியிடமோ கணவரிடமோ பிள்ளையிடமோ கொடுத்து, நீங்கள் பக்கத்தில் நிற்காமல் செய்யச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அதை ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த டிஸ்க், யார் வீட்டில், என்ன பாஸ்வேர்டு, எந்த மெயில் கணக்கு. வீட்டுப் பத்திரம் இருக்கும் பைலிலேயே அந்தத் தாளும் இருக்கட்டும். பாஸ்வேர்டு மாற்றும் அன்றைக்கே தாளிலும் மாற்றிவிடுங்கள்.